நாலு நிரையில் வந்த சீகிரியா ராஜா

தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் விறாந்தையில் ஒரு நீள வாங்கு கிடக்கும். கொழும்பிலிருந்து வருகிற பெரிய ஆட்கள் சப்பாத்துக் கழற்றவும், வாச்சர் மத்தியானத்தில் கண்ணயரவும் போட்டது. கொழுந்தெடுக்கிற பெண்கள் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு எங்கள் நாலு பேரையும் அதில் உட்காரச் சொன்னார்கள்.

மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டி, மெழுகு பூசிய சிவப்புத் தரையில் ஓடியது. பாக்கியம் அதைக் காலால் வாங்குக்கு அடியில் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். மாரியாயி அக்கா வெற்றிலைப் பையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். செல்வி யாரையும் பார்க்கவில்லை. பிள்ளைக் காம்பரா இருக்கிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலைக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடம் அது. அவளுடைய பல் முளைக்காத மகள் அங்கே இருந்தாள். பால் கொடுக்கிற நேரம் தாண்டிவிட்டது.

வேலையை நிறுத்தியிருந்தது எனக்குத்தான். சில நாளாகவே, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் என் பெயரைக் கூப்பிடவில்லை. அந்தப் பாட்டைக் கட்டியவள் பரமேஸ்வரி, அதாவது நான்தான் என்று அன்றைய விசாரணையில் முடிவானால் வேலை அடியோடு போகும். வேலை போனால் நாங்கள் குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போகும். எங்கள் வீட்டில் தோட்டத்தில் பெயர் பதிந்திருந்தது எனக்கு மட்டும்தான். வீட்டுக்காரர் கினிகத்தேனையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலைக்கு நின்றார்.

ஆமாம், பாட்டுத்தான். நாலே அடி. செத்துப்போய் ஆயிரத்து ஐந்நூறு வருஷம் ஆன ஒரு ராஜாவைப் பற்றியது. அதற்கு வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலை மலையில் விசாரணை வைத்தார்கள். இப்போது எழுதும்போதும் எனக்கு ஒரு பெருமை வருகிறது. மறைத்து என்ன ஆகப்போகிறது, வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.

ஒரு நிரைக்கு ஒரு அடி

எங்கள் மலையின் வழக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் மீதிக் கதை விளங்காது.

தேயிலைச் செடிகள் வரிசை வரிசையாக நிற்கும். அந்த வரிசையைத்தான் நிரை என்போம். ஆளுக்கொரு நிரை. மட்டக்குச்சியைச் செடியின் தலையில் போட்டு, அதற்கு மேலே எழும்பிய கொழுந்தை ஒடித்துக்கொண்டே மேலே ஏறுவோம். பக்கத்து நிரைக்காரியின் முகம் தெரியும். அதற்கு அடுத்தவளின் குரல்தான் வரும். அதற்கும் அப்பால் பனிமூட்டம்.

அப்படி ஏறும்போது கேலிப் பாட்டுக் கட்டுவோம். ஓர நிரையில் நிற்கிறவள் முதல் அடியை எடுத்து விடுவாள். அடுத்த நிரைக்காரி இரண்டாவது அடியைப் போடுவாள். அப்படியே மூன்று, நாலு. அதோடு பாட்டு முடிந்தது. நீட்டினால் சிரிப்புக் கெட்டுவிடும் என்று மாரியாயி அக்கா ஒத்துக்கொள்ள மாட்டார்.

இதில் ஒரே ஒரு சட்டம் உண்டு. யார் போட்ட அடியோ அது அவளுடையது. இன்னொருத்தி அதை வாயில் எடுக்கக் கூடாது. பிறகு எத்தனை தடவை அந்தப் பாட்டு வந்தாலும் அவளவள் அடியை அவளவள்தான் சொல்ல வேண்டும். ஒருத்தி வேலைக்கு வராவிட்டால், அவள் அடி வரவேண்டிய இடத்தில் ஒரு கைக் கொழுந்து ஒடிக்கிற நேரம் எல்லாரும் சும்மா இருப்போம். பிறகு அடுத்தவள் தொடருவாள்.

இது எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. ஏன் என்பது மட்டும் தெரியும். எங்கள் அம்மாமார் காலத்தில், கொழுந்து நிறுக்கும்போது தராசில் விரலை வைக்கிற ஒரு கங்காணி இருந்தாராம். அவரைப் பற்றி ஒரு பாட்டு வந்தது. யார் பாடியது என்று கம்பை எடுத்துக்கொண்டு வந்தார். ஆளுக்கொரு அடி சொன்னார்கள். எந்த அடியிலும் அவர் இல்லை. அடிப்பதென்றால் நாலு பேரையும் அடிக்க வேண்டும். நாலு பேரையும் அடித்தால் அன்றைக்குக் கொழுந்து வராது. கம்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டாராம்.

ஒரு தடவை மாரியாயி அக்காவுக்குப் பல்வலி. கன்னம் வீங்கி ஒரு வாரம் வேலைக்கு வரவில்லை. கடைசி அடி எப்போதும் அவருடையது, சிரிப்பு இருப்பதும் அதில்தான். அந்த வாரம் முழுக்க நாங்கள் மூன்று அடியைச் சொல்லிவிட்டு, நாலாவதுக்குச் சும்மா இருந்தோம். அந்தச் சும்மாவைக் கேட்டே பக்கத்து மலைக்காரிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

குளவிக்குப் பயந்து கட்டியது

விசாரணைக்கு முந்தின வருஷம் கோயில் திருவிழா முடிந்ததும் பஸ் பிடித்துச் சீகிரியாவுக்குப் போனோம். புளிச்சோறும் கட்டச் சம்பலும் கட்டிக்கொண்டு இருட்டோடு புறப்பட்டோம். குளிரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் பக்கத்து வெயில் பெரிய தண்டனை. பாக்கியம் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே, “இங்க மனுசன் இருப்பானா? ராசா எப்புடி இருந்தான்?” என்று கேட்டாள்.

ஒரு பெரிய பாறை. அதன் உச்சியில் காசியப்பன் என்ற ராஜா கோட்டை கட்டி இருந்தான். முன்னால் போன சிங்களக் கூட்டத்துக்கு அவர்களுடைய வழிகாட்டி கதை சொல்லிக்கொண்டு போனார். எனக்குச் சிங்களம் நன்றாக வரும். நான் பின்னால் திரும்பித் திரும்பித் தமிழில் சொன்னேன். பெற்ற தகப்பனைப் பிடித்துப் பொக்கிஷம் எங்கே என்று கேட்டானாம். தகப்பன் தான் கட்டிய குளத்தைக் காட்டி, என்னுடைய பொக்கிஷம் இதுதான் என்றாராம். கோபம் வந்து அவரை உயிரோடு சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டானாம். பிறகு தம்பி படையோடு வருவான் என்று பயந்து பாறைக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டான்.

“சுவத்துக்குள்ளயா?” என்றாள் செல்வி. அப்போது அவள் வயிற்றில் பிள்ளை இருந்தது. ஏற வேண்டாம் என்று சொன்னதைக் கேட்காமல் எங்களோடு ஏறிக்கொண்டிருந்தாள்.

பாதி வழியில் கண்ணாடிச் சுவர் என்று ஒன்று இருக்கிறது. பழைய காலத்தில் வந்துபோனவர்கள் அதில் சின்னச் சின்னக் கவிதைகளாகக் கீறி வைத்திருக்கிறார்கள். பாறையில் தீட்டியிருக்கிற பெண்களைப் பார்த்து மயங்கி எழுதியவைதான் நிறைய என்று அந்த வழிகாட்டி சொன்னார். இப்போது அதில் கை வைத்தாலே பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

மாரியாயி அக்கா சுவரை மேலும் கீழும் பார்த்தார். “பொம்பளைங்களப் பாத்து எழுதிருக்கானுங்க. இம்புட்டுக் கொடும பண்ணுன ராசாவப் பத்தி ஒருத்தனுக்கும் எழுதத் தோணலயா?”

“பாவம் அந்தத் தகப்பன். அதைப் போய்ச் சிரிப்பாக் கட்டுறதா அக்கா?” என்று கேட்டேன்.

“அழுது முடிச்சு ஆயிரம் வருசமாச்சுடி பரமு. இனி அந்தப் பயலப் பாத்துச் சிரிக்கலாம்.”

அதற்கு மேலே இரும்புப் படி. ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏறலாம். பக்கத்தில் ஒரு பலகை, குளவி இருக்கிறது, சத்தம் போடாதீர்கள் என்று. மற்ற இடத்து ஆட்களுக்கு அது வெறும் பலகை. தேயிலை மலையில் குளவிக்கூடு கலைந்து ஆட்கள் உருண்டு ஓடியதைப் பார்த்த எங்களுக்கு அப்படி இல்லை. மூச்சுக்கூட மெதுவாகத்தான் விட்டோம். ஆனாலும் நிரை மாதிரி வரிசையில் நின்றதும் வாய் சும்மா இருக்குமா? முன்னால் போன பாக்கியம் திரும்பிப் பார்த்து, அவளுக்குத் தெரிந்த மிக மெல்லிய குரலில் முதல் அடியை விட்டாள். அது கீழே பஸ் நிற்கிற இடம்வரை கேட்டிருக்கும்.

“மலை உச்சியில மாளிகை கட்டுன மகராசன் அவரு.”

அடுத்த படியில் நான். “மதிலு கட்டுற வேலையில மகா கெட்டிக்காரரு.”

எனக்குப் பின்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு செல்வி. “பெத்த அப்பன் பக்கத்திலயே இருக்கணும்னு சொன்னாரு.”

கடைசியில் மாரியாயி அக்கா, வெற்றிலையை ஒதுக்கிவிட்டு, “பெரிய மனசு பண்ணி சுவத்துக்குள்ள எடம் ஒண்ணு தந்தாரு.”

சிரிப்பை அடக்க முடியாமல் நாலு பேரும் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினோம். படி ஆடியது. பின்னால் வந்த வெள்ளைக்காரி எங்களுக்கு மயக்கம் வந்துவிட்டது என்று நினைத்துத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

சொல்லிக்கொள்கிறேன், அந்தப் பாட்டு எனக்கு மிகவும் பிடிக்கும். ஒவ்வொரு அடியையும் தனியாக எடுத்துப் பாருங்கள், ராஜாவுக்குப் புகழ் மாலை. நாலையும் சேர்த்தால் அந்த ஆள் எழும்ப முடியாது.

பங்களாவுக்கு வந்த மதில்

அடுத்த வருஷம் தோட்டத்தை நிர்வகிக்கப் புதுத் துரை வந்தார். கண்டிப் பக்கத்துச் சிங்களவர், நடு வயது. பேச்சு குறைவு. எங்கள் மலை உச்சியில் இருக்கிற பழைய பங்களாவில் குடியேறினார். வந்து கொஞ்ச நாளிலேயே பங்களாவைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேலே மதில் எழும்பியது.

மதில் கட்டினால் எங்களுக்கென்ன என்று இருந்திருப்போம். ஆனால் பங்களாத் தோட்டத்தின் ஓரமாகத்தான் எங்கள் குறுக்குப்பாதை போனது. மேல் மலையிலிருந்து பிள்ளைக் காம்பராவுக்கு அதுதான் வழி. தேத்தண்ணி நேரத்தில் தாய்மார் ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு ஓடிவருவார்கள். மதில் வந்த பிறகு சுற்றுவழி. போய்ச் சேருவதற்குள் திரும்புகிற நேரமாகிவிடும். செல்வி பாலில் சட்டை நனைந்தபடி கொழுந்தெடுத்த நாட்கள் உண்டு. அதைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வரும்.

நான்தான் ஆபீஸுக்குப் போய்த் துரையிடம் கேட்டேன். மதிலில் ஒரு கதவு வையுங்கள் என்றேன். முடியாது என்றார். ஏன் என்று கேட்டேன். அதைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை என்று எழுந்துவிட்டார்.

அந்த நாட்களில் சீகிரியாப் பாட்டு மலையில் அடிக்கடி வந்தது. இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஒரு நாள் மடுவத்துக் கொட்டகையில் கொழுந்து நிறுக்கக் காத்திருந்தபோதும் வந்தது. பங்களா வாச்சர் கேட்டுக்கொண்டிருந்தார். மலை உச்சி, மாளிகை, மதில், கேட்க வேண்டுமா? பரமு உங்களைப் பற்றிப் பாட்டுக் கட்டியிருக்கிறாள் என்று துரையிடம் போய்ச் சொல்லிவிட்டார். அதில் அப்பன் என்று ஒரு சொல் வருகிறது என்றும் சொல்லியிருக்கிறார். அன்று சாயங்காலமே என் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

நாலு துண்டு

விசாரணைக்குத் துரையும் பெரிய கிளாக்கரும் உள்ளே இருந்தார்கள். கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர். மெல்லிய உடம்பு, தடித்த கண்ணாடி. எங்கள் பேச்சைத் துரைக்கு ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்வது அவர் வேலை. மழைக்குக் கரண்ட் போயிருந்தது. ஜன்னலைத் திறந்து வைத்திருந்ததால் உள்ளே பேசுவது விறாந்தைக்கு நன்றாகக் கேட்டது.

பதிவு இலக்கப்படி கூப்பிட்டார்கள். முதலில் போனது செல்வி. அவள் என்னைக் காட்டிக் கொடுத்திருந்தாலும் நான் கோபித்திருக்க மாட்டேன். பிள்ளை பசியோடு காத்திருக்கிறது, பாவம்.

துரை சொன்னதைக் கிளாக்கர் தமிழில் சொன்னார். “இஞ்ச பார் பிள்ளை. பரமேஸ்வரிதான் கட்டினவ எண்டு ஒரு சொல் சொன்னால் போதும். நீ இப்பவே குழந்தையிட்டப் போகலாம்.”

பாக்கியம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்குத் தெரிஞ்சது ஒரு அடிதாங்க ஐயா” என்றாள் செல்வி. “பெத்த அப்பன் பக்கத்திலயே இருக்கணும்னு சொன்னாரு.”

“அதுக்கு முந்தின அடி?”

“அது என் அடி இல்லீங்க.”

கிளாக்கர் அவள் அடியைத் துரைக்கு மாற்றிச் சொன்னதும் உள்ளே ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்த சத்தம் வந்தது. செல்வி வெளியே வந்தாள். எங்களைத் தாண்டிப் போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போகலாம் என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் கணத்தில் அவள் காலில் விழலாம் போல இருந்தது எனக்கு. இன்றைக்கும் அப்படித்தான்.

அடுத்தது மாரியாயி அக்கா. அவர் அடியைக் கேட்டதும் கிளாக்கர், “ஆருக்கு இடம் குடுத்தவர்?” என்று கேட்டார்.

“அது வேற ஆளு அடியிலங்க இருக்கும். எனக்கு வந்து சேரும்போது எடம் குடுத்தாச்சுங்க.”

பிறகு நான் போனேன். துரை மேசைக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கோபமாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். முகம் வெளிறிப்போய் இருந்தது. நான் என் அடியைச் சொன்னேன்.

“ஆர் கெட்டிக்காரர்?” என்றார் கிளாக்கர்.

“ராசாங்க ஐயா.”

“எந்த ராசா?”

“அது மொத அடியில வரும். மொத நெர பாக்கியம்ங்க.”

கிளாக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இதென்ன சீவியமப்பா, ஒவ்வொரு ஆளும் ஒவ்வொரு துண்டோட வாறியள்” என்றார். பாக்கியத்தை உள்ளே கூப்பிட வேண்டிய தேவையே இருக்கவில்லை. அவள் விறாந்தையிலிருந்தே சொன்ன முதல் அடி பெரட்டுக் களம்வரை போனது. மத்தியானச் சாப்பாட்டு நேரம் என்பதால் அங்கே முழு டிவிஷனும் கூடி நின்றது.

எல்லாவற்றையும் சேர்த்து வாசியுங்கள் என்று துரை சொன்னார். கிளாக்கர் நாலு அடியையும் நாலு துண்டில் எழுதி வைத்திருந்தார். அவற்றை ஒழுங்குபடுத்தினார். இருட்டில் எழுத்துத் தெரியவில்லை. எழுந்து ஜன்னலுக்கு வந்தார். தொண்டையைச் செருமினார். பிறகு தேவாரம் படிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்தி, நாலு அடியையும் வாசித்தார்.

மலை உச்சியில மாளிகை கட்டுன மகராசன் அவரு,
மதிலு கட்டுற வேலையில மகா கெட்டிக்காரரு,
பெத்த அப்பன் பக்கத்திலயே இருக்கணும்னு சொன்னாரு,
பெரிய மனசு பண்ணி சுவத்துக்குள்ள எடம் ஒண்ணு தந்தாரு.

பெரட்டுக் களத்தில் எழுந்த சிரிப்பில் கூரைத் தகரம் அதிர்ந்தது. எங்கள் மலையின் சரித்திரத்தில் ஒரு முழுப் பாட்டையும் ஒரே வாயால் சொன்ன முதல் ஆள் அவர்தான். அதுவும் ஆபீஸுக்குள், துரைக்கு முன்னால். வேண்டுமென்றே செய்தாரா என்று பல காலம் கழித்துக் கேட்டேன். “நான் என்ரை வேலையைத்தான் செய்தனான் பிள்ளை” என்றார். ஆனால் அன்றைக்கு அவர் குரலில் இருந்த ராகம் வேலைக்காக வந்தது இல்லை.

துரை கேட்ட கேள்வி

வெளியே சிரிப்பு அடங்கவில்லை. துரை என்னைப் பார்த்துச் சிங்களத்தில், மிக மெதுவாகக் கேட்டார். “என் அப்பா இங்கே இருக்கிறதை உங்களுக்கு யார் சொன்னது?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. “எந்த அப்பா?” என்று கேட்டேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பொய் சொல்லவில்லை என்று தெரிந்திருக்க வேண்டும். பிறகுதான் விஷயம் வந்தது. அவருடைய தகப்பனார் ரயில்வேயில் இருந்தவர். மலைநாட்டுப் பாதையில் பல ஸ்டேஷன்களில் மாஸ்டராக வேலை பார்த்து, கடைசியாக வட்டகொடையில் இருந்து ஓய்வு பெற்றவர். வயதாகிப் புத்தி தடுமாறிவிட்டது. கீழே ரயில், எங்கள் பேச்சில் கோச்சி, கூவினால் போதும், வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சாரத்தோடு கிளம்பிவிடுவார். ஒரு ராத்திரி தண்டவாளத்தின் நடுவே நின்றவரை வாச்சர்தான் தூக்கி வந்திருக்கிறார். அந்தப் பயத்தில் எழும்பியதுதான் மதில். ஊர் அவரைப் பைத்தியம் என்று பேசக்கூடாது என்று யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தார்.

பெற்ற அப்பன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். சுவருக்குள்ளே ஓர் இடம். அந்த மனிதர் அந்த இரண்டு அடியையும் எப்படிக் கேட்டிருப்பார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மனசு சட்டென்று இளகிவிட்டது.

“தொர, இது காசியப்பன் கதை” என்றேன். சிங்களத்தில்தான் சொன்னேன். “சீகிரியாப் படியில் கட்டினது. நீங்க வர்றதுக்கு முந்தின வருசம்.”

அவர் கிளாக்கரிடமிருந்து துண்டுகளை வாங்கிப் பார்த்தார். தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தார். “காசியப்பன்” என்றார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். கையை எடுத்தபோது கண்ணில் தண்ணீர் இருந்தது, வாயில் சிரிப்பும் இருந்தது.

எனக்கு அப்போது எங்கிருந்து துணிச்சல் வந்ததோ தெரியாது. வேலை கிடைக்குமா, காம்பரா மிஞ்சுமா என்றெல்லாம் யோசிக்கவில்லை. “அவரப் பூட்டி வைக்க வேணாம் தொர. மதிலுல ஒரு கதவு வைங்க. ஒரு நாளைக்கு எத்தன பேரு அந்த வழியா போறோம் வாறோம். எங்க கண்ணுல படாம அவரு கோச்சிப் பாதைக்குப் போயிருவாரா?” என்றேன்.

துரை கிளாக்கரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கிளாக்கர் என்னிடம், “நாளைக்குப் பெரட்டுக்கு வா” என்றார். விறாந்தைக்கு வந்தபோது செல்வி தூணடியில் இல்லை. பிள்ளைக் காம்பராவை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள்.

டிக்கட்

அந்த வாரமே மதிலை உடைத்துக் கதவு வைத்தார்கள். கதவுக்கு உள்பக்கமாக ஒரு பிரம்பு நாற்காலி வந்தது. அதில் குரங்குத் தொப்பி போட்ட ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார்.

முதல் நாள் பாக்கியம் முன்னால் போனாள். பெரியவர் கையை நீட்டி மறித்தார். “டிக்கட் எங்க?” என்றார். தமிழ் நன்றாக வந்தது. இந்த ரயில் பாதையில் எங்கள் ஆட்களோடு பேசிப் பேசி வந்த தமிழ்.

பாக்கியம் திருதிருவென்று விழித்தாள். கையில் கொழுந்துகூட இல்லை. வாயில் இருந்தது பாட்டுத்தான். தன் அடியைச் சொன்னாள்.

பெரியவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். “சரி, போங்க” என்றார். பிறகு என்னிடம் கையை நீட்டினார். நான் என் அடியைக் கொடுத்தேன். செல்வி அவளுடையதை. கடைசியில் மாரியாயி அக்கா, சுவருக்குள்ளே இடம் தந்ததைச் சொன்னதும் பெரியவர் மதிலைப் பார்த்தார், திறந்து கிடந்த கதவைப் பார்த்தார். அந்த ஒரு கணம் அவர் புத்தியில் ஒரு தடுமாற்றமும் இருக்கவில்லை என்று நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். நாற்காலியை விட்டு எழுந்து, இல்லாத பச்சைக் கொடியைத் தூக்கி ஆட்டினார்.

“அப்பன் வெளியே வந்தாச்சு! கோச்சிக்கு நேரமாச்சு!”

இத்தனை காலத்தில் எங்கள் பாட்டுக்கு ஐந்தாவது அடி வந்ததில்லை. நாங்கள் மாரியாயி அக்காவைப் பார்த்தோம். அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பெரியவரை ஒரு பார்வை பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு. வச்சுக்கங்க” என்றார்.

அதன் பிறகு தினமும் அதுதான். நாலு அடியை வாங்கிக்கொண்டு ஐந்தாவதைக் கொடுப்பார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, அடுத்த ஆட்கள் வரும்வரை காத்திருப்பார். கோச்சி கூவினால் எழுந்து போக மாட்டார். வேலை அவருக்கு இங்கேயே இருந்தது. சில நாளில் துரை பங்களா விறாந்தையில் நின்று எட்டிப் பார்ப்பார்.

ஒரு பனிக்காலத்தில் பெரியவர் கண்ணை மூடிவிட்டார். முழு டிவிஷனும் பங்களாவுக்குப் போனது. மறுபடி வேலை தொடங்கிய அன்று, கதவடியில் வழக்கம்போல நாலு அடியையும் சொன்னோம். பிறகு ஒரு கைக் கொழுந்து ஒடிக்கிற நேரம் சும்மா நின்றோம். யாரும் யாருக்கும் சொல்லவில்லை, தானாக நடந்தது.

துரைக்கு இடமாற்றம் வந்தது அடுத்த வருஷம். போகிற அன்று தேத்தண்ணி நேரத்தில் கதவடிக்கு வந்து நின்றார். அதற்குள் கொஞ்சம் தமிழ் பழகியிருந்தார். பாக்கியம் சொன்னாள், நான் சொன்னேன், செல்வி சொன்னாள், மாரியாயி அக்கா சொன்னார். ஐந்தாவதைச் சொல்ல வாயைத் திறந்த துரை, அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“அப்பாட அடி. நான் அவர்ட மகன்தானே. நான் சொல்லவா?” என்று கேட்டார்.

“முடியாதுங்க தொர” என்றார் மாரியாயி அக்கா. “அது அவரு அடி.”

துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். எங்கள் வரிசையின் கடைசியில் வந்து, பிரம்பு நாற்காலிக்குப் பக்கத்தில், எங்களோடு சும்மா நின்றார்.